தெளிவு வடித்தவர்

மடத்தின் குருவான அம்மாவுக்கு அன்று விடிந்ததிலிருந்தே கோபம். சீடர் பொன்னுரங்கம் தன் மனைவியை மடத்து வாசலோடு திருப்பி அனுப்பிய சேதி அவர் காதுக்கு வந்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பொன்னுரங்கமே எதிரில் வந்து நின்றார்.

தலை நரைக்கும்வரை அலுமினிய ஆலையில் வேலை பார்த்துவிட்டு, வீட்டை உதறிவிட்டு வந்தவர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

“காவி கேட்டிருந்தேனுங்க அம்மா. இன்னும் என்னங்க தடை?”

“அப்படியென்ன அவசரம்?”

“எனக்குத் தெளிவு வந்துருச்சுங்க. கோபமே வர்றதில்லீங்க.”

வாய் கூசாமல் சொல்கிறாரே என்று அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

“உங்க ஆலையிலயும் தெளிவுன்னு ஒண்ணு எடுப்பீங்களாமே, அது எப்படி?”

பொன்னுரங்கத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“பாக்சைட் கல்லை அரைச்சு, காஸ்டிக் சோடாவுல கொதிக்க வெப்போமுங்க. கல்லுல இருக்கற அலுமினா கரைஞ்சு வந்துரும். கரையாததெல்லாம் செஞ்சேறா அடியில தங்கிரும். மேல நிக்கிற தெளிவை வடிச்சு ஆற வெச்சா, வெள்ளைப் பொடி இறங்கும். அதைச் சுட்டு, உருக்கி, கரண்ட் பாய்ச்சினா அலுமினியமுங்க.”

“சேறு?”

“மலையடிவாரத்துல ஒரு குளம் வெட்டியிருக்குதுங்க. குழாய்ல தள்ளி விட்ருவோம்.”

“அங்க ஊரு இல்லையா?”

“இருக்குதுங்க. கிணறு கெட்டுப்போச்சுன்னு கத்துவாங்க. நாங்க மேல இருந்தோமா, காதுல விழாது.”

அம்மா வாயைத் திறப்பதற்குள் வாசல் கதவு தடதடவென்று ஆடியது. பொன்னுரங்கத்தின் மனைவி பாவாயி மறுபடியும் வந்திருந்தாள். கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏனுங்க! படுக்கையில கிடக்கறது உங்கப்பனா, எங்கப்பனா? நான் ஒருத்தியே எத்தனை காலத்துக்குத் தூக்கிக் கழுவறது? என்ற இடுப்பே விட்டுப்போச்சு. மனுசனா நீங்க?”

பொன்னுரங்கம் அசையவில்லை. கண்ணை மெல்ல மூடித் திறந்தார். உதட்டில் ஒரு சிரிப்புகூட வந்தது. அந்தச் சிரிப்பைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

“பாத்தீங்களா அம்மா? இத்தனை ஏசறா. எனக்குத் துளி கோபம் வரலீங்க.”

அம்மா எழுந்து நின்றார். வாசலைக் காட்டினார்.

“எப்படி வரும்? சேறு பூராவையும் அவ தலையில கொட்டிட்டுத் தெளிவா வந்து நிக்கறீங்க. போங்க. போய் அள்ளுங்க.”