ஈர வாசல்

சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் வேலையிலிருந்த மாரப்பன் என்பவரிடம், 1987 மாசியில், பேருந்துக்குக் காத்திருந்த வேளையில் கேட்ட கதை. அவர் சொன்ன ஒழுங்கிலேயே தருகிறேன்.

ஒரு பாளையத்தில், சுண்ணாம்புக் காளவாயை ஒட்டி ஒரு சிற்றூர் இருந்தது. காளவாய்ப் புகை அங்கே யாரையும் நரைக்க விடவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் மேட்டு நிலம் கேட்டு ஊரார் முறையிட்டனர். "சென்ற தைக்குப் பின் வளர்ந்த ஆட்கள் பத்துப் பேர் இறந்திருந்தால் நிலம் உண்டு" என்றான் பாளையக்காரன்.

எண்ணிவர மூன்று கணக்கர்கள் வந்தனர். முதலாமவர் வீடுவீடாக, "இவ்வீட்டில் சாவு உண்டா?" என்று கேட்டார். இரண்டாமவர், "தாய் தந்தை இருக்கிறார்களா?" என்றார். மூன்றாமவர், உடன்பிறந்தோரை விசாரித்தார். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எத்தனை பேர் சொன்னாலும் இறந்த ஓர் ஆளுக்குப் பையில் ஒரு கல்தான். கதவடைத்த வீடானால் முதற்கணக்கர் வாசலைப் பார்ப்பார். சாவு விழுந்த வீட்டு வாசலை ஓராண்டு தெளிப்பதில்லை என்பது அவ்வூர் வழக்கம். வாசல் காய்ந்திருந்தால் பக்கத்தில் விசாரிப்பார். ஈரமாயிருந்தால், ஆள் வேலைக்குப் போயிருக்கிறது என்று நகர்ந்துவிடுவார்.

மாலையில் எண்ணினார்கள். ஒரு கல் குறைந்தது.

குறைந்தவள் யாரென்று சீரங்காயிக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் செல்லக்காள், ஆனியில் இருமியே போனவள். பிள்ளை இல்லை, உடன்பிறந்தார் இல்லை, வீட்டில் வேறு ஆளும் இல்லை. சீரங்காயியும் அப்படியே தனியாள். காலையில் இருவரில் முதலில் எழுபவள் தன் வாசலைத் தெளித்துவிட்டு அடுத்தவள் வாசலுக்கும் ஒரு கை தண்ணீர் வீசுவாள். அந்தச் சத்தந்தான் இருவருக்கும் விடியல். செல்லக்காள் போய், கதவைக் கயிற்றால் கட்டிய பின்னும் சீரங்காயியின் கை நிற்கவில்லை.

"செத்தவ வாசலுக்கு எதுக்குடி தண்ணி? எந்திரிச்சு வந்து திருப்பித் தெளிக்கப் போறாளா?" என்பாள் எதிர்வீட்டுப் பாவாயி.

"கை பாட்டுக்குப் போகுதுக்கா."

அன்று முதற்கணக்கரிடம் ஓடினாள். "அந்த வீட்டுக்காரி செத்துட்டாளுங்க சாமி. வாசல் தெளிச்சது நானுங்க."

"நிலம் வேண்டுமென்று ஊரே ஆளுக்கொரு சாவைக் கூட்டிச் சொல்கிறது. அடைத்த வீட்டுக்கு வாய்ச்சொல்லை எடுக்கமாட்டேன் அம்மா, வாசலைத்தான் எடுப்பேன். அடைத்த வீடுகளை நாளைக் காலையில் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் புறப்படுவோம்."

பாவாயி காதோடு சொன்னாள்: "மூணாங் கணக்கருகிட்ட உங்கூடப் பொறந்தவன்னு சொல்லிடு. யாரு வந்து பாக்கப்போறா?"

சீரங்காயி இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டாள். அவளுக்கும் தொடங்கியிருந்தது. செல்லக்காள் உயிரோடிருந்த நாளில் அவளை அக்காள் என்று ஒருமுறையும் அழைத்ததில்லை. செத்தபின் உறவு சொல்ல நாக்கு வரவில்லை.

கேட்போரே, பொய்யும் சொல்லாமல், எவரையும் கெஞ்சாமல், செல்லக்காளைக் கணக்கில் ஏற்ற அவள் செய்யவேண்டியது என்ன?

விடை: ஒன்றும் செய்யாதிருப்பது. மறுநாள் அவள் தன் வாசலை மட்டும் தெளித்தாள். வீசப்போன கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே ஆள் இருந்திருந்தால் அந்த வாசலும் நனைந்திருக்கும். காய்ந்த மண்ணைக் கணக்கர் வெகுநேரம் பார்த்தார். "பெயர் என்ன?" என்றார். சொன்னாள். கல் விழுந்தது. ஆனியில் போன செல்லக்காள், சீரங்காயிக்கு அன்றுதான் செத்தாள்.

ஓமலூர்ப் பக்கத்தார் வேறுவிதமாக முடிப்பர். அவர்கள் சொல்வதில், காலையில் இரண்டு வாசலும் காய்ந்து கிடந்தன. கயிறு கட்டாத சீரங்காயியின் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கணக்கர் இரண்டு கற்களைப் போட்டார். பெயர்களை யாரிடம் கேட்டார் என்று அவர்கள் சொல்வதில்லை.