மூன்று முறை குணமான மான்

ஒரு காட்டில், பெரிய மருதமரத்தின் அடியில், ஒரு கரடியும் ஒரு கொக்கும் ஒரு கீரியும் வைத்தியம் பார்த்துவந்தன. கரடி எலும்பு கட்டும். கொக்கு முள்ளையும் சீழையும் எடுக்கும். கீரி காய்ச்சலுக்குப் பச்சிலை சொல்லும். மூன்றும் கெட்டிக்கார வைத்தியர்கள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று சொன்னதை மற்றொன்று காதில் போட்டுக்கொண்டதே கிடையாது. அவரவர் வேலை அவரவருக்கு!

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. குணமான மிருகம் மரத்தின் இரண்டு பெரிய வேர்களுக்கு நடுவே நடந்து வெளியே போகும். உடனே கிளையிலிருந்து மரங்கொத்தி மூன்று தட்டு தட்டும். “குணமாச்சு!” என்று எல்லாமே கூவும். வேரைத் தாண்டிய பிறகு அந்த மிருகம் யாரோ, இவை யாரோ. அந்தத் தட்டுச் சத்தம் என்றால் கீரிக்கு உயிர். கேட்டதும் அதன் மார்பு ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

ஒரு நாள் செம்பி என்ற புள்ளிமான் முன்னங்கால் முறிந்து வந்தது. முறிந்த இடத்தில் முள் கிழித்துப் பெரிய புண். உடம்பெல்லாம் காய்ச்சல். பால்குடி மறக்காத அதன் குட்டி, உள்ளே வர அனுமதியில்லாமல் வேருக்கு வெளியே நின்றது.

“ஐயா, சீக்கிரம் அனுப்பிடுங்க. இதுக்கு என்னை விட்டா யாருமில்லை” என்றது செம்பி.

ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. புறப்படும்போது கரடி வந்தது. “கட்டு நனையவே கூடாது, தெரியுதா? நனைஞ்சா எலும்பு விலகிடும்!” என்று சொல்லிவிட்டுப் போனது.

அது போன பிறகு கொக்கு வந்தது. “தினம் ரெண்டு வேளை ஓடையில காலை முக்கிக் கழுவணும். இல்லேன்னா புண் சீழ் பிடிச்சிடும்!”

கடைசியில் கீரி வந்தது. “பாறைமேட்டு உச்சியில நிலவேம்பு இருக்கு. பறிச்சு வச்சா வீரியம் போயிடும். தினமும் ஏறிப் போய், செடியிலேயே கடிச்சுத் தின்னு. பத்து நாள் விடக்கூடாது.”

செம்பி ஏதோ கேட்க வாயெடுத்தது. ஆனால் கீரிக்கு அடுத்த நோயாளி காத்திருந்தது.

“என்ன, புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது ஐயா.”

என்னத்தைப் புரிந்துகொண்டது, பாவம்! வைத்தியர்களை எதிர்த்துக் கேட்க அதற்கு வாய் வரவில்லை.

டொக், டொக், டொக். குணமாச்சு! குட்டி துள்ளி ஓடிவந்து தாயின் மடியில் முட்டியது.

ஐந்தாம் நாள் செம்பி திரும்பி வந்தது. எலும்பு விலகியிருந்தது.

“ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? யாரு நனைக்கச் சொன்னது?” என்று கரடி தாம்தூம் என்று குதித்தது. கொக்கைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் செம்பி தலையைக் குனிந்துகொண்டது. மறுபடி கட்டு, மறுபடி வலி, மறுபடி மூன்று தட்டு.

இந்த முறை அது ஓடைப் பக்கமே போகவில்லை. பத்தாம் நாள் கால் சீழ் பிடித்து நாறியது. “கழுவச் சொன்னேனே! சொல்பேச்சு கேக்காத ஜென்மம்!” என்று கொக்கு கரித்துக்கொட்டியது. கீரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. நெருப்பாகக் கொதித்தது.

“நிலவேம்பு தின்னியா?”

“மூணு காலோட மேடு ஏற முடியலை ஐயா.”

“முடியலைன்னா எப்படி? உன் குட்டிக்காகவாவது ஏறு!”

இந்த வார்த்தையைப் பிற்பாடு கீரி எத்தனை முறை நினைத்து நினைத்துக் குமைந்தது! அன்றைக்கு ஒன்றும் உறுத்தவில்லை. சீழ் வடிந்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் செம்பியை அனுப்பிவிட்டன. டொக், டொக், டொக்! “இந்த மாசம் எத்தனை பேரைக் குணமாக்கிட்டோம் தெரியுமா?” என்று மரங்கொத்தி பீற்றிக்கொண்டது. செம்பி ஒன்றையே அது மூன்று பேராக எண்ணியிருந்தது.

நான்காம் நாள் குட்டி மட்டும் வந்தது. “மேட்டுக்குப் போன அம்மாவைக் காணோம். உள்ள இருக்காளா?”

கீரி வேரைத் தாண்டி வெளியே ஓடியது. ஒரு நோயாளியைத் தேடி அது போனது அதுவே முதல் தடவை. பாறைமேட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. கீரிக்கு அது நாலு தாவல். மானுக்கு? நாலு காலும் நன்றாக இருக்கிற மானே வழுக்கி விழுகிற மொட்டைப் பாறை!

பாறையடியில் செம்பி கழுத்து மடங்கிக் கிடந்தது. வாயில் ஒரு கொத்து நிலவேம்பு இருந்தது. ஏறிவிட்டது, கடித்தும்விட்டது. இறங்கும்போதுதான் விழுந்திருக்கிறது.

“அடப் பாவமே! நான்தானே போகச் சொன்னேன்!” என்று கீரி தலையில் அடித்துக்கொண்டு அழுதது.

மருதமரத்தடியில் சண்டை மூண்டது.

“நனைக்காதேன்னு நான் சொன்னது தப்பா?” என்றது கரடி.

“கழுவச் சொன்னது தப்பா?” என்றது கொக்கு.

“நீ கழுவச் சொன்னியா? எனக்குத் தெரியாதே!”

“நீ எங்கே கேட்டே?”

“போதும்!” என்று கத்தியது கீரி. “நீ சொன்னதும் சரி, கொக்கு சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. மூணு தடவை குணமாக்கினோம். அது செத்துப்போச்சு!”



அடுத்து ஒரு முள்ளம்பன்றி அதேபோல் கால் ஒடிந்து, புண்ணும் காய்ச்சலுமாக வந்தது. மூன்றும் ஒன்றாக உட்கார்ந்தன. அரை நாள் வாக்குவாதம்! கடைசியில் கரடி புண்ணுக்கு நேரே ஒரு ஓட்டை விட்டுக் கட்டு போட்டது. கட்டு நனையாமல், அந்த ஓட்டை வழியாகக் கொக்கு சொன்னபடி புண்ணைத் துடைக்க முடிந்தது. கீரி நிலவேம்பை வேரோடு மண்ணோடு பெயர்த்துக்கொண்டு போய், முள்ளம்பன்றியின் வளை வாசலில் நட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றில் ஒன்று போய்ப் பார்த்துவந்தது.

முள்ளம்பன்றி வேரைத் தாண்டிய அன்றே மரங்கொத்தி அலகைத் தூக்கியது. “பொறு! வீட்டுல பதினைஞ்சு நாள் நல்லா இருக்கட்டும். அப்புறம் தட்டு” என்றது கீரி.

பதினாறாம் நாள் முள்ளம்பன்றி தானே கிழங்கு தோண்டித் தின்றது. மரங்கொத்தி தட்டியது. டொக், டொக், டொக்.

சத்தம் கேட்டதும் செம்பியின் குட்டி எங்கிருந்தோ துள்ளி ஓடிவந்தது. இப்போது அதற்கு வேறொரு மான் பால் கொடுத்துவந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் அம்மா வெளியே வருவாள் என்றுதான் அதற்குத் தெரியும். இரண்டு வேர்களுக்கு நடுவே உள்ளே பார்த்தபடி நின்றது. கீரி அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டது.

வைத்தியர்கள் கூடிப் பேசி ஒரே சொல்லாகச் சொல்லாமலும், நோயாளி வீடு போய்ச் சேர்ந்த பிறகு எட்டிப் பார்க்காமலும் செய்கிற வைத்தியம், எவ்வளவு கெட்டிக்கார வைத்தியமானாலும் உயிரைக் காக்காது.