உப்புப் பாறையின் மூன்று கோடுகள்

சொக்கி என்ற கீரிப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது. பாம்பைப் பிடித்தால்கூட, "உனக்கு ஏன் காது இல்லை?" என்று கேட்டுவிட்டுத்தான் கடிப்பாள். பதிலை யோசித்தபடியே செத்துப்போன பாம்புகள் அந்தக் காட்டில் நிறைய.

அவள் வளை உப்புப் பாறையின் அடியில் இருந்தது. பனைமர உயரத்துக்கு ஒற்றையாய் நிமிர்ந்து நிற்கும் பாறை அது. அதன் முன்னால் ஒரு பெரிய பள்ளம். பள்ளத்து மண்ணில் உப்புக் கரிக்கும். உப்புக்கு ஏங்கி யானை, காட்டெருமை, மான், பன்றி எல்லாம் அங்கே வந்து மண் தின்னும்.

மழைக்காலம் முடிந்ததும் கொம்பன் யானைகள் அந்தப் பள்ளத்தில் மோதிப் பார்க்கும். வென்ற யானை பாறையை ஒட்டி நின்று, தலையை நிமிர்த்தி, தந்தத்தால் ஒரு கோடு கீறும். பிறகு முதல் வாய் மண்ணை அதுதான் தின்னும். அதற்கப்புறம் மற்றவர்களுக்குப் பந்தி. இதுதான் அந்தக் காட்டு வழக்கம்.

பழைய கோடுகள் எத்தனையோ மழையில் கரைந்துபோயின. அழுத்திக் கீறிய மூன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது கல்லசைச்சானின் கோடு. அவன் முட்டியபோது இந்தப் பாறையே ஆடிப்போனதாம், அதனால் அந்தப் பெயராம். நடுவில் இருந்தது இருளாண்டியின் கோடு. அடியில் இருந்தது மூங்கிலானுடையது. மூங்கிலான் இப்போதைய வீரன். எதிர்த்து வந்த எவனும் அவனிடம் நின்றதில்லை. ஆனாலும் அவன் கோட்டுக்கும் கல்லசைச்சான் கோட்டுக்கும் நடுவே ஒரு யானைக்கன்றை நிறுத்தலாம்.

மூவரில் யார் பெரியவன்? காட்டில் வேலை இல்லாதவர்களுக்கெல்லாம் இதுதான் வேலை.

இருவாட்சிக் கிழவர் கல்லசைச்சான் கட்சி. அந்தக் காலத்து மழை என்ன, அந்தக் காலத்துத் தழை என்ன, அதைத் தின்று வளர்ந்த உடம்பு என்ன என்று கிளையில் உட்கார்ந்து அலகு வலிக்க அளப்பார். அவர் கல்லசைச்சானைப் பார்த்ததே இல்லை. அவருடைய தாத்தா பார்த்தாராம். மந்தி ராக்காயி இருளாண்டி கட்சி. இருளாண்டி மோதிய நாளில் அவள் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டி. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவள்தான், ஆனால் ஒவ்வொரு மோதலையும் நேரில் பார்த்தவள்போல் நடித்துக் காட்டுவாள். மூங்கிலானுக்குக் கட்சியே கிடையாது. அவனைத்தான் தினமும் பார்க்கிறார்களே! தினமும் பார்ப்பதை யார் மெச்சுவார்கள்? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்தக் காட்டில் இறந்த யானைக்கு மட்டும்தான் பொன்.

இரண்டு கட்சியையும் கேட்டுக் கேட்டுச் சொக்கிக்குத் தலை வெடித்தது. சம்பந்தப்பட்டவனையே கேட்டால் என்ன? மூங்கில் தோப்புக்கு ஓடினாள்.

"மூங்கிலாண்ணே, நீயும் கல்லசைச்சானும் மோதினா யார் ஜெயிப்பீங்க?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாள் என்று சொல்வது இதைத்தான். மூங்கிலான் தின்றுகொண்டிருந்த குருத்தைக் கீழே போட்டான். அதுவரை அவன் அந்தக் கோட்டை நிமிர்ந்து பார்த்தவனில்லை. அன்று போய்ப் பார்த்தான். பார்த்தவனுக்குத் தழை இறங்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. நான் என்ன வென்றேன், குள்ளர்களுக்குள்ளே ஒரு குள்ளன் என்று தனக்குள் புழுங்கினான்.

சில நாளில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். நாளை விடிந்ததும் பாறையை முட்டப் போவதாகச் சொல்லி அனுப்பினான். கல்லசைச்சான் அசைத்த கல்லை அவனும் அசைத்துக் காட்டுவானாம்.

காடே குதூகலித்தது. ராக்காயி நல்ல கிளையாகப் பார்த்து இடம் பிடிக்கப் போனாள். சொக்கி மட்டும் வளையை விட்டு அசையவில்லை. பாறையாவது, அசைவதாவது! தந்தம் முறியும், மண்டை பிளக்கும். ஊர் பேசிய பேச்சுத்தான், ஆனால் அதை அவன் காதில் கொண்டுபோய்ப் போட்டவள் அவள். அழுகை வந்தது. அழுகைக்கு நடுவிலும் அந்தப் பாழாய்ப்போன கேள்வி எட்டிப் பார்த்தது. அப்படி எவ்வளவு உயரம்தான் இருந்திருப்பான் அந்தக் கல்லசைச்சான்?

பொழுது இன்னும் சாயவில்லை. பாறையின் வெடிப்பைப் பற்றி ஏறினாள். முதலில் மூங்கிலானின் கோட்டை நோக்கிப் போனாள். அந்தக் கோட்டுக்குப் பாதி உயரத்தில் வெடிப்புக்குள் ஒரு பொந்து தெரிந்தது. தலையை விட்டாள். உள்ளே இறுகிப்போன மண். மண்ணில் நகத்தால் பறித்த தடம். மூலையில் வெளுத்த பாம்பெலும்பு.

கீரி வளை! அவள் இனத்தின் பழைய வளையேதான். சொக்கி திரும்பி வாசலுக்கு வந்தாள். வாசலில் ஆகாயம்தான் இருந்தது. ஒரு காலை எடுத்து வைத்தால் பள்ளத்தில் விழ வேண்டியதுதான்.

"எந்தக் கிறுக்கன் அந்தரத்துல வாசல் வச்சான்?" என்று வாய்விட்டே கேட்டாள்.

கேட்டுவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தாள். பாறையின் மேற்கு ஓரத்தில், புதர் மண்டி, சரளைக் கல்லாய் ஒரு மேடு. அதில் உப்பில்லை. அதனால் யாரும் அதைச் சீண்டியதில்லை. அந்த மேடு வளையின் வாசலுக்கு நேர் மட்டத்தில் இருந்தது. கீழே பார்த்தாள். பள்ளத்தில் நாலு மான்கள் மண்ணை நக்கின. ஒரு பன்றி வாய் வாயாய்க் கடித்து விழுங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

விடிந்தது. காடு முழுவதும் பள்ளத்தைச் சுற்றி நின்றது. சொக்கி ஒவ்வொருவரிடமும் ஓடி ஓடித் தான் கண்டதைச் சொன்னாள். மண் தின்றால் பள்ளம் விழும் என்று தன் தாத்தா சொன்னதில்லையே என்றார் இருவாட்சிக் கிழவர். வேடிக்கை பார்க்க விடு என்று ராக்காயி விரட்டினாள். அதற்குள் மூங்கிலான் தூரமாய்ப் பின்வாங்கித் தலையைத் தாழ்த்திவிட்டான்.

சொக்கி ஓடிப்போய்ப் பாறைக்கு முன்னால் பின்னங்காலில் எழுந்து நின்றாள்.

யானை வந்தது. தரை அதிர்ந்தது. சொக்கியின் மயிரெல்லாம் சிலிர்த்தது, கண்ணை இறுக மூடிக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. புழுதி அடங்கிக் கண்ணைத் திறந்தபோது ஒரு தும்பிக்கை அவள் மூக்குக்கு நேரே மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

"விலகு சொக்கி. நீ கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போறேன்."

"அது தப்பான கேள்விண்ணே. சரியானதைக் கேட்கிறேன். நீ எங்கே நின்னு கோடு போட்டே?"

"இங்கேதான். எல்லாரும் நிக்கிற இடத்துல."

"கல்லசைச்சான் எங்கே நின்னாரு?"

மூங்கிலான் இருவாட்சிக் கிழவரைத் திரும்பிப் பார்த்தான். அது காட்டில் யாருக்குமே தெரியவில்லை. சொக்கி முன்னே ஓடினாள். அவன் குழப்பத்தோடு பின்னே போனான். புதரை விலக்கி மேற்கு மேட்டில் ஏறினான். கீழே கிடந்த பள்ளம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அந்தப் பள்ளம் முழுக்க ஒரு காலத்தில் இந்த மேட்டோடு சேர்ந்த சமதரை. பாட்டன், பூட்டன், பேரன் என்று காடே உட்கார்ந்து தின்று தீர்த்த தரை. இருளாண்டி காலத்தில் பாதி போயிருந்தது. மீதியும் போனபின் வந்தவன் மூங்கிலான்.

"இப்போ தலையை நிமித்துண்ணே!"

நிமிர்த்தினான். பாறையின் விளிம்பில், கல்லசைச்சானின் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது தந்தத்தின் நுனி. மூங்கிலானுக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே ஒரே கூச்சல். மேலே இருப்பது கோடா, தந்தமா? யார் ஒசத்தி? கீழிருந்து பார்த்தால் மட்டம் பிடிபடவில்லை. சொக்கி வெடிப்பில் தொற்றி ஏறிப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். ஒரு மீசைமயிர் அளவுக்கு வித்தியாசம் இருந்தது. எது மேலே என்பதும் நன்றாகத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக, அவள் வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினாள்.

இருவாட்சிக் கிழவர் விடவில்லை. "பாத்தியே, சொல்லேன்!"

"கல்லசைச்சான் வந்து பக்கத்துல நிக்கட்டும் தாத்தா. அப்போ சொல்றேன்."

கிழவர் வேறு கிளைக்குப் பறந்துபோய், ஆனாலும் அந்தக் காலத்துத் தழை போல வருமா என்று முணுமுணுத்தார். அவரைத் திருத்த யாராலும் முடியாது.

மூங்கிலானுக்கு அன்றுதான் மறுபடி பசி எடுத்தது. பள்ளத்தில் இறங்கி ஒரு வாய் மண்ணை அள்ளினான். அள்ளியவன் தும்பிக்கையில் இருந்த மண்ணையும், எதிரே தாய்க்குப் பக்கத்தில் நின்று தன்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு யானைக்கன்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சொக்கி, நாம தின்னத் தின்ன என் கோடும் ஒசந்துக்கிட்டே போகும். ஒரு நாள் என்னைக் காட்டி இந்தப் பயலை அழ வைப்பாங்க. அன்னிக்கு நீ இருந்தா, இன்னிக்குக் கேட்டதை அவன்கிட்டயும் கேளு" என்றான்.

சொக்கி சரியென்று தலையாட்டினாள். அதற்கப்புறம் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் தரையைத்தான் தேடும்.

ஒருவர் நின்ற தரையை அளக்காமல் அவர் உயரத்தை அளக்கப் புறப்படக் கூடாது.