காலி அறை

"ஸ்கேன் படமெல்லாம் வச்சிருக்க கம்ப்யூட்டர் செத்துப்போச்சாம்லா," என்று கேன்டீன் வரிசையில் ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் சொன்னாள்.

பின்னால் நின்ற இசக்கிராஜ் கையிலிருந்த டீயோடு சர்வர் அறைக்கு ஓடினார். அதே ஆஸ்பத்திரியில் வயரிங் வேலை பார்த்தவர், இப்போது கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பழகுகிறார். கற்றுக்கொடுப்பது பிரிசில்லா. வயதில் இளையவர்தான். ஆனாலும் இசக்கிராஜுக்கு அவர் டீச்சர்.

அங்கே இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களில் முதல் கம்ப்யூட்டர் எதற்கும் பதில் சொல்லவில்லை. எல்லா நோயாளிகளின் படங்களும் அதனோடு இணைந்த, தனியாக வைத்த ஒரே டிஸ்க்கில் இருந்தன. ஆபரேஷன் தியேட்டரில் ஒரு சிறுமி. காலையில் எடுத்த அவளுடைய தலை ஸ்கேனுக்காக டாக்டர் காத்திருந்தார்.

இசக்கிராஜ் அந்த டிஸ்க்கை, மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கம்ப்யூட்டரில் இணைக்கப் பார்த்தார். 'டிஸ்க் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்றது திரை.

பிரிசில்லா சாப்பாட்டு டப்பாவும் மோர் பாட்டிலுமாக வந்தார்.

"கட்டாயப்படுத்தினா ஏத்துக்கிடும் டீச்சர். ஒரு பட்டன்தான். அமுக்கவா?"

பிரிசில்லா வெளி மேசையில் டப்பாவைத் திறந்தார். மூன்று அறைகள்.

"எது காலி அண்ணாச்சி?"

"நடு அறை."

"கண்ணை மூடுங்க."

"டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு."

"அதான் சீக்கிரம் மூடுங்க."

மூடினார். பிரிசில்லா சத்தமில்லாமல் நடு அறையில் மோரை ஊற்றினார்.

"டீயைக் காலி அறையில ஊத்துங்க. கண்ணைத் திறக்காம."

இசக்கிராஜ் விளிம்பைத் தடவி ஊற்றினார். கண்ணைத் திறந்தபோது டீயும் மோரும் திரிந்து கிடந்தன.

"காலின்னுல்லா நினைச்சேன்."

"கடைசியாப் பார்க்கும்போது காலி. முதல் கம்ப்யூட்டரும் கடைசியாப் பார்த்ததை வச்சுத்தான் எழுதும். ரெண்டாவதும் அப்படித்தான்."

"முதல்ல உள்ளதுதான் செத்துப்போச்சே."

"யாரு பார்த்தா?"

"கூப்பிட்டா பதில் இல்லை டீச்சர்."

"கண்ணை மூடினதும் நீங்களும் பேசாமத்தான் நின்னீங்க. டீ ஊத்தினது யாரு?"

இசக்கிராஜ் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சர்வர் அறைப் பக்கம் திரும்பினார்.

"அப்போ அதை எழுத முடியாம ஆக்கணும். ஆனா கரண்டைப் பிடுங்கினா, பாதி எழுதின படம் ஏதாவது இருந்தா போயிடுமே."

"போகும். அது ஒண்ணுதான் போகும். ரெண்டும் ஒரே டிஸ்க்குல எழுதினா எல்லாம் போகும்."

இசக்கிராஜ் உள்ளே போய் முதல் கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்தார். இரண்டு கரண்ட் ஒயர்களையும் உருவினார். விசிறி நிற்கும் வரை அதன் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு ஒயர்களை இடது கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இரண்டாவது கம்ப்யூட்டரில் அந்தக் கட்டாயப் பட்டனை அழுத்தினார்.