ஒரு மரக்கால் நிலம்

முன்னொரு காலம். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். தெரிந்தால் நானே அங்கே குடிபோயிருப்பேன். பெரியேரி என்று ஓர் ஏரி, அதன் கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். அந்த நாட்டில் நிலத்தைக் கோல் வைத்து அளக்க மாட்டார்கள். எவ்வளவு விதை பிடிக்கிறதோ அதுதான் நிலத்தின் அளவு. ஒரு கலம் விதை பிடித்தால் ஒரு கலம் நிலம்; கலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கான ஒரு மரக்கால் பிடித்தால் ஒரு மரக்கால் நிலம். பக்கத்து மேட்டு நாட்டிலும் இதே வழக்கம்தான். வம்பே அங்கேதான் தொடங்கியது.

மேட்டு நாட்டுத் தூதர் ஒருநாள் சபைக்கு வந்தார். மீசையை நீவிக்கொண்டு, "மன்னா, எங்கள் நாட்டில் இலட்சம் கலம் விதைக்கிறோம். தங்கள் நாட்டில் இருபதாயிரம்தானாமே! பாவம், சின்ன நாடு" என்றார்.

மன்னர் கொற்றவேலுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

நிலவரி அதிகாரி நீலகண்டர் சட்டென்று எழுந்தார். சபை விகடகவி மாசிலாமணியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "மன்னா, பெரியேரியைத் தூர்த்து உழுதால் விளைநிலம் பெருகும். ஏரிக்கரையில் பிறந்த மாசிலாமணியே முதல் மதகை உடைக்கட்டும். அவரது ராஜவிசுவாசத்தை ஊரும் பார்க்கட்டும்" என்றார்.

குசும்பைப் பாருங்கள்! அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் கையாலேயே ஏரியை உடைக்க வேண்டுமாம்.

"மன்னா, ஏரி போனால் இருக்கிற வயலும் போய்விடுமே!" என்று மாசிலாமணி பதறினான்.

"நம் நிலம் அவர்கள் நிலத்தைவிடப் பெரிதாக வேண்டும். ஏரியைத் தொடாமல் உன்னால் முடிந்தால் செய். இல்லையேல் நாளைக் காலை கடப்பாரையோடு வா" என்றார் மன்னர்.

மறுநாள் ஊரே கரையில் கூடிவிட்டது. மன்னரும் தூதரும் வந்திருந்தார்கள். நடவுப் பெண்களின் தலைவி காத்தாயி ஓடிவந்து, "உங்க கையாலயா அண்ணே? நம்ம ஏரியையா?" என்று அழுதாள்.

"பொறு தாயி, கண்ணத் தொடச்சுக்கோ" என்றான் மாசிலாமணி. அவன் கையில் கடப்பாரை இல்லை. பின்னால் வண்டி வண்டியாக விதைநெல் வந்தது. கரையோரம் காய்ந்து கிடந்த ஒரு சின்னப் பாத்தியில் மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டினான். முழங்கால் அளவு நெல்லில் நின்றுகொண்டு, "மன்னா, நம் நிலம் வளர்கிறது! இந்தப் பாத்தி இப்போதே நூறு கலம் நிலம். இன்னும் வண்டிகள் வரட்டும், மேட்டு நாட்டைத் தாண்டிவிடலாம்!" என்று கூவினான்.

"பைத்தியமா உனக்கு? விதையைக் கொட்டினால் நிலம் வளருமா?" என்று மன்னர் சீறினார்.

"வளராதா மன்னா? நேற்று சபையில் அப்படித்தானே கணக்குப் பார்த்தோம்!"

மாசிலாமணி தூதரைப் பணிவோடு கேட்டான்: "ஐயா, தங்கள் நாட்டில் எப்படி விதைப்பார்கள்?"

"கையால் வீசித்தான். குருவி தின்றதும் வெயிலில் கருகியதும் போக மிச்சம் முளைக்கும்."

"நாங்கள் நாற்றுவிட்டு, பிடுங்கி நடுகிறோம். அதனால் விதை குறைவு, நிலம் குறைவல்ல. ஒரு கலம் விதைத்தால் தங்களுக்கு எவ்வளவு நெல் விளையும்?"

தூதர் பொய் சொல்லாத மனிதர். "நல்ல வருடத்தில் பத்துக் கலம்" என்றார்.

காத்தாயிக்குப் பொறுக்கவில்லை. "பத்தா? நூறுக்குக் கொறஞ்சா எங்க மாமியா எனக்குச் சோறே போட மாட்டா!"

"இலட்சம் கலம் விதைத்து அவர்கள் எடுப்பதைப்போல் இருமடங்கை இருபதாயிரத்தில் நாம் எடுக்கிறோம், மன்னா. எல்லாம் இந்த ஏரி தந்தது" என்றான் மாசிலாமணி.

அட, அந்தக் கரையில் நின்ற ஒவ்வொருவருக்கும் நெஞ்சு நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தூதர் இறங்கிப்போய் ஏரித் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மன்னா, நடவு தெரிந்த நாலு பேரை எங்கள் நாட்டுக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்டார். மன்னருக்கு மகுடமே ஒரு சாண் உயர்ந்த மாதிரி இருந்தது. ஏரியைத் தூர்க்கும் பேச்சு அதோடு ஒழிந்தது.

"என்ன பரிசு வேண்டும், மாசிலாமணி?"

"காத்தாயிக்கும் அவள் கூட்டத்துக்கும் ஒரு மரக்கால் நிலம் போதும், மன்னா."

நீலகண்டர் வயலில் கால் வைத்தவர் இல்லை. ஒரு மரக்கால் விதை ஒரு மாட்டுத் தொழுவத்தளவு இடத்துக்குத்தான் காணும் என்பது அவர் நினைப்பு. "தாராளமாகக் கொடுக்கலாம் மன்னா! எவ்வளவு தூரம் பிடிக்கிறதோ அவ்வளவும் அவர்களுக்கே. நானே நின்று அளந்து தருகிறேன்" என்றார்.

அந்த ஒரு மரக்கால் விதையின் நாற்று வளர்ந்து நடவு நாளும் வந்தது. எப்போதும் கொத்தாக நடுகிறவர்கள் அன்று ஒற்றை ஒற்றையாக, நன்றாக இடம் விட்டு நட்டார்கள். ஒரு வயல் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. முழங்கால் சேற்றில் நின்ற நீலகண்டர், "இன்னுமா நாற்று தீரவில்லை?" என்று முனகினார்.

"இப்பத்தான ஐயா பாதி நாத்துக்கட்டு அவுத்திருக்கோம்! வழியில நிக்காதீங்க, அந்த வரப்பத் தாண்டிப் போயி நில்லுங்க!" என்றாள் காத்தாயி.

கரையில் இருந்த மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணியின் கழுத்தில் போட்டார். பொழுது சாயும்போதும் நடவு நடந்துகொண்டிருந்தது. நீலகண்டர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அடுத்த வரப்பைத் தாண்டிக்கொண்டிருந்தார்.