ஆவுடை தேடிய வெள்ளைக் குழம்பு

நொய்யல் ஓரத்து மடத்துச் சாமிக்குச் சமைக்கத் தெரியாது. யாராவது சோறு கொண்டுவந்து வைத்தால் சாப்பிடுவார். யாரும் வரவில்லை என்றால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாயை விரித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரிடம் போய் ஆவுடை சமையல் சந்தேகம் கேட்டாள் என்றால், அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்றுதான் அர்த்தம்.

சாமிக்கு முப்பது வயது. ஆவுடைக்கு முப்பத்தேழு. பழைய சாமி அடக்கமான பிறகு மடம் இவர் கைக்கு வந்தது. ஊரில் கேலியாகப் பொடிச்சாமி என்பார்கள். மனசு கலங்கினால் அந்தக் கேலிக்காரர்களும் அவர் எதிரில்தான் வந்து உட்காருவார்கள். ஆவுடை அவருக்குச் சிஷ்யை. வியாழக்கிழமை தோறும் வருவாள், வாசல் கூட்டுவாள், ஒரு கேள்வி கேட்பாள், போவாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வந்தவள் விளக்குமாற்றைத் தொடவில்லை.

"சாமி, ஒன்னு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"ஒரு பொருளை எப்படி அடுக்கி வச்சா, தேடும்போது கைக்குக் கிடைக்கும்?"

"என்ன பொருள்?"

ஆவுடை போனை நீட்டினாள்.

அவளுக்குச் சமையல் புத்தகம் என்றால் உயிர். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டது, வாரப் பத்திரிகையோடு இலவச இணைப்பாக வந்தது, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் கொடுத்தது என்று ஒன்றையும் விட்டதில்லை. கட்டிலுக்கு அடியில் இடம் போதவில்லை. நம் புத்தகங்களை நாமே ஏற்றி வைத்துக்கொள்ளும் இடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தைப் படம் எடுப்பாள், பதார்த்தத்தின் பெயரை அடிப்பாள், ஏற்றுவாள். மேலே ஒரு கட்டம். அதில் பெயரைப் போட்டால் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று வந்து நிற்கும்.

ஒரே ஒரு தொல்லை. பாதிப் புத்தகத்தில் கத்தரிக்காய், பாதியில் கத்திரிக்காய். இதைத் தேடினால் அது வராது.

"கத்தரிக்காய்ல சிக்கலுங்களா?" என்றார் சாமி. போன வியாழக்கிழமைக் கேள்வி அதுதான்.

"இல்ல சாமி. வெள்ளைக் கொழம்பு."

அவள் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு டைபாய்டு. காய்ச்சல் இறங்கிவிட்டது. நாக்குதான் திரும்பவில்லை. எதை வாயில் வைத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிடுகிறார். சட்டை அவர் மேல் கொடியில் காயப்போட்டது போலத் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சோறு உள்ளே இறங்காவிட்டால் மறுபடியும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் போட்டு ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனுஷன் தானாக வாய் திறந்து ஒன்று கேட்டார். 'வெள்ளைக் கொழம்பு இருந்தா ரெண்டு வாய் திம்பேன் புள்ள.'

"அதுலேருந்து தேடுதேன் சாமி. வெள்ளைன்னு போட்டா வெள்ளைப்பூண்டா வந்து விழுது. வெள்ளைப் பூசணி வருது, வெள்ளைப் பணியாரம் வருது, வெள்ளைக் குருமா வருது. குருமா வச்சேன். இது இல்லன்னாக. மோர்க்கொழம்பு வச்சேன். இதும் இல்லன்னாக. இத்தனை புத்தகம் இருக்கு, அவுக கேட்டது ஒன்னு இல்ல பாருங்க."

சாமி போனை வாங்கினார். ஒரு விரலால், எறும்பு ஊர்கிற மாதிரி எதையோ அடித்தார். பார்த்தார். திருப்பிக் காட்டினார்.

'எதுவும் கிடைக்கவில்லை' என்றிருந்தது.

"என்ன சாமி போட்டீங்க?"

"சென்னியப்பன்னு போட்டேன். அவரும் இதுல இல்லீங்களே."

ஆவுடைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"சாமி, இது சமையல் தேடுறது. ஆளைத் தேடுறது இல்ல."

"அப்படீங்களா? சரி, அந்தக் கொழம்பு என்ன வெள்ளை? பால் வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா?"

"தெரியல."

"எங்க சாப்பிட்டாராம்?"

"தெரியல சாமி."

"கேட்டீங்களா?"

ஆவுடை தரையைப் பார்த்தாள். வாசல் கூட்டாமல் கிடந்தது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

"கேக்கல."

"ஏம்மா?"

"அவுக அம்மா வச்ச கொழம்பாத்தான் இருக்கும் சாமி. அத்தை போய்ச் சேந்துட்டாக. நாத்தனாருக்குப் போன் போட்டேன், அப்படி ஒன்னு நம்ம வீட்டுல வச்சதே இல்லைங்காக. இவுககிட்டப் போய்க் கேட்டா, எங்கம்மா கைப்பக்குவம் உனக்கு வராது, விட்டுருன்னு சொல்லிட்டாகன்னா? அப்புறம் நான் என்னத்தப் பண்ண? புத்தகத்துல பாத்துச் செஞ்சு, கமுக்கமா எலையில வச்சிரலாம்னு நெனச்சேன்."

சாமி போனைத் தன் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"சாமி, போனு?"

"இருக்கட்டும். ரெண்டு நாளா ஓடி ஓடித் தேடியிருக்குது பாவம். படுத்துக் கெடக்கட்டும்."

"நான் எதுல தேடுவேன்?"

"பேசுற ஆள் வீட்டுலதானே படுத்திருக்காரு?"

ஆவுடை வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். வழி நெடுக, சாமி சின்ன வயசுக்காரர், அவருக்குக் கல்யாணம் காட்சி என்ன தெரியும் என்று ஒரு மனசு முணுமுணுத்தது. இன்னொரு மனசு பேசவே இல்லை.

சென்னியப்பன் சுவரோரமாகச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் கஞ்சி ஆடை கட்டிப்போய் இருந்தது.

"ஏங்க."

"ம்."

"அந்த வெள்ளைக் கொழம்பு, அத்தை எப்படி வைப்பாக?"

"எங்கம்மாவா? எங்கம்மாளுக்கு வரமிளகாய் இல்லாட்டி அடுப்பே எரியாது. அவ எங்க வெள்ளைக் கொழம்பு வச்சா?"

ஆவுடை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப எங்க சாப்பிட்டிய?"

"உங்கூட்டுலதான்."

"எங்க வீட்டுலயா? எப்ப?"

"கல்யாணம் முடிஞ்ச மக்கா நாளு. எலையில ஊத்துனாங்களே. உள்ளார முருங்கைக்காய், உருளைக்கெழங்கு எல்லாம் கெடந்துது. நெம்ப ஒறப்பும் இல்ல. எலுமிச்சம்பழ வாசம். ஓரத்துல கருப்பா ஒன்னு வச்சாங்க, இஞ்சி போட்டு."

"இஞ்சிப் பச்சடி."

"அதேதான்!"

"ஐயோ, அது சொதி!"

"சொதியோ கிதியோ. எனக்குப் பேரா தெரியும்? வெள்ளையா இருந்துது."

ஆவுடைக்குச் சட்டென்று எல்லாம் கண்முன் வந்தது. அவள் திருநெல்வேலிப் பக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த இடத்தில் அமைந்த சம்பந்தம். அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து. தேங்காய்ப்பாலில் காயும் பருப்பும் போட்டு வைக்கிற சொதியை அந்த ஊரில் யாரும் குழம்பு என்று சொல்லமாட்டார்கள். சொதி என்றால் சொதிதான். அதை இலையில் ஊற்றியதும் சென்னியப்பனின் பெரிய மாமன் சத்தமாகக் கேட்டார். 'ஏனுங் சம்பந்தி, மொளகாத்தூளு தீந்துபோச்சுங்களா?' பந்தியே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்ததைக் கதவு இடுக்கு வழியாக ஆவுடை பார்த்தாள். அன்றைக்கு அந்தக் கதவை மூடியவள்தான். இந்த வீட்டு அடுப்பில் சொதிச்சட்டி ஏறியதே கிடையாது. புத்தகத்தில் சொதி என்று வந்தால் பெயரை மட்டும் அடித்துவிட்டு, மனசில் வாங்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள்.

"அன்னைக்கு உங்க மாமா சொன்னதுக்கு நீங்களும் சிரிச்சிய."

"சிரிச்சேன். சிரிச்சுப்போட்டு மூணுதரம் வாங்கி ஊத்துனனே, அதப் பாக்கலியா?"

"பாக்கல. உள்ள போயிட்டேன்."

"அது உன்ற தப்பு."

"இத்தனை வருஷமா ஏன் கேக்கல நீங்க?"

சென்னியப்பனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உங்க ஊர்ல அது மாப்பிள்ளைக்கு ஒருக்காத்தான் ஊத்துவாங்களாக்கும்னு நெனச்சுட்டேன் புள்ள. மறுக்கா வேணும்னா மறுக்கா கல்யாணமில்ல பண்ணோணும்!"

ஆவுடை சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாகத் திரும்பியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"பண்ணிக்கிடுங்களேன். பொண்ணு யாரு தாரான்னு பாப்போம், இந்த ஒடம்புக்கு."

"உங்கப்பனையே மறுக்கா கேக்கறன்."

எழுந்து போய்த் தேங்காயை உடைத்தாள். புத்தகம் வேண்டியிருக்கவில்லை. மூன்று பால் எடுத்தாள். பாசிப்பருப்பை மலர வேகவைத்தாள். மூன்றாம் பாலில் காய் வெந்தது, இரண்டாம் பாலில் பருப்பு சேர்ந்தது. பச்சைமிளகாயை நோயாளிக்காகப் பாதியாகக் குறைத்துக் கீறிப் போட்டாள். முதல் பாலை ஊற்றி, நுரை கூடும் முன்னால் இறக்கினாள். ஆறவிட்டு எலுமிச்சை பிழிந்தாள். இஞ்சிப் பச்சடியை விரல் நுனியில் தொட்டுக்கொள்கிற அளவுக்கு மட்டும் வைத்தாள்.

சோற்றைக் குழையப் பிசைந்து நீட்டினாள். அவர் ஒரு வாய் வாங்கினார். மென்றார். நிறுத்தினார்.

"இதான்," என்றார்.

இரண்டாவது வாய்க்கு அவரே கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். தட்டின் அடி தெரிந்ததும், "இன்னொரு கரண்டி ஊத்து," என்றார். ஊற்றினாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவப் பாத்திரம் ஒன்றும் இல்லாமலே கொஞ்ச நேரம் நின்றாள். மாதக்கணக்காகத் தோளில் ஏறியிருந்த அரிசி மூட்டையை யாரோ பின்னாலிருந்து இறக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலையில் மடத்துக்கு வந்தாள். முதலில் வாசலைக் கூட்டினாள். பிறகு சோற்றையும் சொதி இருந்த தூக்குப்போசியையும் திறந்து சாமிக்கு முன்னால் வைத்தாள்.

சாமி சோற்றில் ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டார். போசியைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை வழித்தார்.

"எப்படி இருக்காரு?"

"நேத்து மூணு வேளையும் சாப்பிட்டாக சாமி. டாக்டரு நாளைக்கு வந்து காட்டிட்டுப் போனாப் போதும், படுக்கை வேண்டாம்னுட்டாரு. இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்னு என்னை ஏசுதாக."

"அப்ப நல்லாயிட்டாரு."

பாய்க்கு அடியிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். அது அணைந்து கிடந்தது. மடத்தில் இருந்த ஒரே பிளக்கில் சொருகி உயிர் வரவழைத்து, ஆவுடை கட்டத்தில் சொதி என்று அடித்தாள். திரை நிறைய வந்தது. பழைய பேப்பர் கடைப் புத்தகத்தில் இருந்தது. இலவச இணைப்பில் இருந்தது. தாம்பூலப் பைப் புத்தகத்தில் படத்தோடு இருந்தது.

"இருந்திருக்கு சாமி. இத்தனை இடத்துல இருந்திருக்கு. எல்லாம் நானே ஏத்துனது."

சாமி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இத எந்தப் பேர்ல அடுக்கட்டும் சாமி? புத்தகம் அம்புட்டும் சொதின்னுதான் போட்டிருக்கு. எங்க ஊரே சொதின்னுதான் சொல்லும். அவுக ஒருத்தரு மட்டும் வெள்ளைக் கொழம்புங்காக. இதுல சரியான பேரு எது?"

"பசிச்சவரு கூப்பிட்டது."