இருபதாவது அறை

ஒரு வயல் வரப்பில் நாற்பது எலிக் குடும்பங்கள் வளை தோண்டி வாழ்ந்தன. வரப்புக்கு ஒரு பக்கம் நெல் வயல், அதில் கணுக்கால் அளவு தண்ணீர். மறு பக்கம் பள்ளத்தில் வடிகால் வாய்க்கால். வயல் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஓடிவிடாமல் பிடித்து வைத்திருந்தது அந்த வரப்பு மட்டும்தான். எலிகளுக்கு இது தெரியும். ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. எல்லோரும் அறை தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு போகத்துக்கும் ஒவ்வொரு குடும்பமும் தன் வளையில் புதிதாக ஓர் அறையாவது தோண்டிக் கூட்ட வேண்டும். கூட்டினால் வாசலில் வைக்கோல் கொத்து செருகிக்கொள்ளலாம். கூட்டாவிட்டால் "தேங்கிட்டான்" என்பார்கள். தேங்கியவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். இதை ஆரம்பித்தது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

நெல் வைக்க ஓர் அறை வேண்டும், சரி. குட்டி போட ஓர் அறை, அதுவும் சரி. அதற்கு மேல் என்ன செய்வது? வாலை நீட்டி உட்கார ஓர் அறை தோண்டினார்கள். வாலைச் சுருட்டி உட்கார இன்னொன்று தோண்டினார்கள். வெள்ளச்சி என்ற எலியின் வீட்டில், விருந்தாளியை எந்த அறையில் உட்கார வைப்பது என்று யோசிப்பதற்கே தனி அறை இருந்தது.

தோண்டுவதற்கென்றே ஒரு கூட்டம். அதற்குத் தலைவன் மண்ணாங்கட்டி. நாளெல்லாம் தோண்டினால் அகோரமாகப் பசிக்கும். அந்தப் பசிக்கு நிறைய நெல் வேண்டும். நிறைய நெல் வந்தால் வைக்க அறை வேண்டும். அறைக்குத் தோண்ட வேண்டும். தோண்டினால் பசிக்கும். இந்தச் சுற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் வளர்ச்சி.

மூக்காயிக்கு ஐந்து அறைகள். புருஷனைப் போன அமாவாசையில் ஆந்தை கொண்டுபோய்விட்டது. இப்போது ஆறு குட்டி போட்டிருந்தாள். மயிர் முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை. மொச்சைக் கொட்டைகளைக் குவித்து வைத்த மாதிரி கிடந்தன.

ஒரு காலையில் மண்ணாங்கட்டி ஆட்களோடு வந்து நின்றான்.

"அக்கா, ஆறாவது அறை. எந்தப் பக்கம் விடலாம்?"

மூக்காயி தன் அறைகளை எண்ணிப் பார்த்தாள். ஐந்தாவது அறையில் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். போன போக நெல். பாதியில் பூசணம், மீதி முளைத்துக் கிடந்தது. மூலையில் ஒரு வண்டு செத்திருந்தது. அதுவும் புதுச் சாவு இல்லை.

திரும்பி வந்து, "வேணாம் தம்பி" என்றாள்.

"இடப்பக்கம் வேணாமா, வலப்பக்கம் வேணாமா?"

"அறையே வேணாம்."

மண்ணாங்கட்டி பின்னால் நின்ற ஆட்களைப் பார்த்தான். அவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவர்கள் தொழிலில் இந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

"உடம்பு சரியில்லையாக்கா?"

"நல்லாத்தான் இருக்கேன். இருக்கிற அஞ்சுல மூணுக்கு நான் போறதே இல்ல. ஆறாவதை வச்சு என்ன பண்ண?"

"எல்லாரும் என்ன பண்றாங்களோ அதைப் பண்ணுங்க. சும்மா வச்சிருங்க."

"சும்மா வைக்கவா இத்தனை பாடு?"

"சரி, உங்களுக்கு வேணாம். எங்களுக்கு? இன்னிக்கு நீங்க வேணாங்கறீங்க. நாளைக்குப் பக்கத்து வீட்டுலயும் வேணாம்பாங்க. அப்புறம் நாங்க இந்த மண்ணையா திங்கிறது?"

நியாயமான கேள்வி. பதில் தெரிந்த மாதிரி நடிக்க மூக்காயிக்கு வராது.

"தெரியல தம்பி. முதல்ல உக்காந்து சாப்பிடுங்க. அப்புறம் யோசிப்போம்."

வேலை செய்யாமல் சாப்பிட அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார்கள். வழக்கமாக ஆளுக்கு நாலு கதிர் போகும். மண்ணாங்கட்டி ஒரு கதிரைக் கொறித்து முடித்தான். இரண்டாவதில் பாதி தின்றான். நிறுத்தி, வயிற்றைத் தடவிப் பார்த்தான்.

"என்னக்கா இது, போதும்போல இருக்கே?"

"இன்னிக்குத்தான் நீ தோண்டலயே."

"அப்ப என் பசி இவ்வளவுதானா?" கையில் இருந்த பாதிக் கதிரையே பார்த்துக்கொண்டிருந்தான். "திங்கிறதுக்குத் தோண்டுறோம்னுல்ல நெனச்சேன். தோண்டுறதுக்குத் தின்னுட்டு இருந்திருக்கேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எல்லோருக்கும் வந்தது.

மற்ற நாட்களில் அந்த நேரத்துக்கு மூக்காயி கதிர் இழுக்க ஓடிக்கொண்டிருப்பாள். ஆறாவது அறை இல்லை, அதை நிரப்பும் வேலையும் இல்லை. அவர்கள் போன பிறகு குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டுச் சும்மா படுத்திருந்தாள். சும்மா படுத்திருந்ததால்தான் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது.

கொளக். கொளக்.

ஐந்தாவது அறையிலிருந்து வந்தது. போய்ச் சுவரில் காதை வைத்தாள். சுவர் ஈரமாக இருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் வயல் தண்ணீர், இந்தப் பக்கம் அவள், நடுவில் அரை வால் நீளம் மண். ஆறாவது அறையை இந்தப் பக்கம் விட்டிருந்தால் அந்த மண்ணும் போயிருக்கும்.

மூக்காயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆற்றில் தண்ணீரை நிறுத்தியாகிவிட்டது. வயலில் நிற்பதுதான் கடைசித் தண்ணீர். முக்கால்வாசிக் கதிர் இப்போதுதான் பால் பிடிக்கிறது. இன்னும் பத்து நாள் தண்ணீர் நின்றால் நெல், இல்லாவிட்டால் வெறும் பதர். வரப்பு உடைந்தால் உள்ளே வரும் தண்ணீரில் குட்டிகள் போகும். வெளியே ஓடும் தண்ணீரோடு கதிர் போகும்.

அன்று சாயங்காலம் தடியப்பர் வாசலில் கூட்டம். தடியப்பர் பெருச்சாளி. வரப்பிலேயே பெரிய உடம்பு, பெரிய வளை, பெரிய வைக்கோல் கொத்து எல்லாம் அவருக்குத்தான். பத்தொன்பது அறைகள். பதினாலாவது அறையில் நெல் வீணாகி முளைத்தபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "இது தோட்டம்" என்று விருந்தாளிகளுக்குக் காட்டினார்.

"அடுத்து என் இருபதாவது அறை," என்று ஆரம்பித்தார். "இந்த வரப்பு இதுவரைக்கும் பாக்காத அளவுல..."

"மாமா, வரப்பு கசியுது" என்றாள் மூக்காயி.

"யாரும்மா அது?"

"மூக்காயி. என் அஞ்சாவது அறைச் சுவர்ல தண்ணி வருது. நாம தோண்டுறது வேற எங்கயும் இல்ல, தண்ணியப் பிடிச்சு வச்சிருக்கிற வரப்புல. இனிமே யாரும் தோண்ட வேணாம். சும்மா கிடக்கிற அறையை மூடிருவோம்."

வெள்ளச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏண்டி, உனக்கு அறை கூட்ட வக்கில்லன்னா எங்களையும் மூடச் சொல்றியா?"

கூட்டமே சிரித்தது. தடியப்பர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"வளராத ஜென்மம் செத்த ஜென்மம்மா. நம்ம பல்லைப் பாரு. பொறந்ததுலேர்ந்து வளருது, சாகுற வரைக்கும் வளரும். நம்ம பொறப்பே அப்படி." வாயைத் திறந்து தன் முன்பற்களைக் காட்டினார். பலத்த கைதட்டல்.

"அதனாலதான மாமா தெனம் எதையாவது கொறிச்சுத் தேய்க்கிறோம்? தேய்க்காம விட்ட பல்லு என்னாகும்? உங்க மச்சான் எப்படிச் செத்தார்?"

கைதட்டல் நின்றது. தடியப்பரின் மச்சானுக்குக் கீழ்ப்பல் ஒடிந்துபோயிற்று. உரசுவதற்கு எதிர்ப்பல் இல்லாததால் மேல்பல் வளர்ந்து, வளைந்து, அண்ணத்தைக் குத்தி வாயைப் பூட்டிவிட்டது. பட்டினியால் செத்தார். நெல் நிறைந்த பதினோரு அறைகளுக்கு நடுவில்.

கூட்டத்தில் ஒவ்வொருவரும் நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"அது வியாதி," என்றார் தடியப்பர். "வியாதியையும் வளர்ச்சியையும் போட்டுக் குழப்பாத."

"ரெண்டும் ஒரே பல்லுதான மாமா?"

பின்வரிசையில் ஒருவர், "எல்லாரும் நிறுத்துனா நானும் நிறுத்துறேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அவர் நிறுத்துனா நானும்" என்றார். அப்படியே வரிசையாக வந்து பேச்சு தடியப்பரிடம் நின்றது.

"நானும் நிறுத்திட்டா உங்களுக்கெல்லாம் வழி காட்டுறது யாரு?" என்றார் அவர். கூட்டம் கலைந்தது.

மூக்காயிக்கு எரிச்சலாக வந்தது. எப்படியோ போங்கள் என்று வீட்டுக்கு வந்தாள். வாசலில் மண்ணாங்கட்டி நின்றான்.

"தம்பி, தோண்டுற கைக்கு மூடத் தெரியுமா?"

"மண்ணை வெளியில தள்ளாம உள்ள தள்ளணும். அவ்வளவுதான?" கொஞ்சம் யோசித்தான். "மூடி முடிச்சப்புறம் என்ன வேலைக்கா?"

"வரப்பைச் சுத்தி வா. எங்க கசியுதோ அங்க அடை. மிச்ச நேரம் வெயில் காய்."

"வெயில் காயறது ஒரு வேலையா?"

"பழகிப் பாரேன்."

கெடாத நெல்லை எடுத்துக்கொண்டு மூன்று அறைகளை மூடினார்கள். களிமண்ணைத் திணித்துத் திணித்து மிதித்தார்கள். சொட்டு நின்றது. நெல்லுக்கு ஒன்று, குட்டிகளுக்கு ஒன்று, இரண்டே அறைகள் மிச்சம். வாசலில் இருந்த வைக்கோல் கொத்தை உருவி, குட்டிகளுக்கு மெத்தையாகப் போட்டாள்.

மறுநாள் வெள்ளச்சி துக்கம் விசாரிக்க வந்தாள்.

"கேள்விப்பட்டேன். மனசைத் தேத்திக்க. எல்லாருக்கும் ஒரு கெட்ட காலம் வரும்."

"உன் வீட்டுச் சுவர்ல காது வச்சுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள் மூக்காயி.

வெள்ளச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குள்ளிருந்து மண் மிதிக்கும் சத்தம் கேட்டது.

"என்னடி சத்தம்?"

"ஒண்ணுமில்ல. உள்ள கொஞ்சம் அழகு வேலை பண்றேன்."

அதற்கப்புறம் நாலைந்து வீடுகளில் அழகு வேலை நடந்தது. எல்லார் வாசலிலும் வைக்கோல் கொத்து அப்படியே இருந்தது. உள்ளே அறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மண்ணாங்கட்டிக்கு வெயில் காயவே நேரம் கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் காலை தடியப்பர் இருபதாவது அறை தோண்ட வரச் சொல்லி ஆள் அனுப்பினார். மண்ணாங்கட்டி வர முடியாது என்று சொல்லிவிட்டான். "எனக்குக் கை இல்லையா?" என்று தடியப்பரே இறங்கினார். பத்தொன்பதாவது அறையிலிருந்து ஒரு குறுகலான வழி விட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து நுழைந்து, வயல் பக்கமாகத் தோண்டினார். ஜோராகத் தோண்டினார். சுவர் உடைந்தது.

தண்ணீர் பாய்ந்து வந்தது. தடியப்பர் அலறிக்கொண்டு திரும்பி ஓடினார். அலறுகிறவர் மூச்சை எப்படி இழுத்துப் பிடிப்பார்? குறுகலான வழியில் வயிறு சிக்கிக்கொண்டது. தலை பத்தொன்பதாவது அறையில், பின்பக்கம் வயல் தண்ணீரில். தண்ணீர் அவர் வயிற்றில் முட்டி நின்றது.

"காப்பாத்துங்க! இழுங்க!"

எல்லோரும் ஓடி வந்து முன்னங்கால்களைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கொஞ்சம் நகர்ந்ததும் பக்கவாட்டில் தண்ணீர் பீறிட்டது.

"விடுங்க," என்றாள் மூக்காயி. "இவரை இழுத்தா வயலே பின்னாடி வந்துரும். மாமா, கொஞ்ச நேரம் அப்படியே இருங்க."

"எப்படியே?"

"ஓட்டைக்கு அடைப்பா."

ஓட்டையை வயல் பக்கமிருந்து அடைத்தால்தான் தண்ணீர் நிற்கும். அடைக்க வைக்கோல் வேண்டும். வேறு எங்கே போவது? முதலில் வெள்ளச்சி ஓடிப் போய்த் தன் வாசல் கொத்தைப் பிடுங்கி வந்தாள். அப்புறம் எல்லோரும் பிடுங்கினார்கள். மண்ணாங்கட்டி ஆட்கள் களிமண்ணில் பிசைந்து, நீந்திப் போய், ஓட்டையில் திணித்தார்கள்.

"இந்தச் சுவர் நிக்கணும்னா பக்கத்து அறையெல்லாம் நிரப்பணும் மாமா," என்றாள் மூக்காயி. "பதினெட்டை நிரப்பட்டுமா?"

"நிரப்பு."

"பதினேழு?"

"நிரப்பும்மா."

"பதினாலு?"

"அது தோட்டம்மா, அதை மட்டும்..." பின்னால் ஒரு வயல் நண்டு அவர் வாலைக் கவ்வியது. "நிரப்பித் தொலை!"

பகல் முழுக்க வேலை நடந்தது. உடைப்பு பக்கத்தில் பரவவில்லை. அடுத்தது வெள்ளச்சி வீடு, அதற்கடுத்தது மூக்காயி வீடு. இரண்டும் கெட்டியாக மூடிக் கிடந்தன. பழையபடி வெற்று அறைகளாக இருந்திருந்தால் வரப்பு மொத்தமும் பொலபொலவென்று சரிந்திருக்கும். பொழுது சாய்வதற்குள் ஓட்டை அடைபட்டது. நாளெல்லாம் பட்டினி கிடந்ததில் தடியப்பரின் வயிறும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தண்ணீர் நின்றது. கதிர் முற்றியது. மூக்காயியின் ஆறு குட்டிகளும் கண் திறந்தன. எந்த வாசலிலும் வைக்கோல் கொத்து இல்லை.

அறுவடை முடிந்ததும் தடியப்பர் மறுபடி கூட்டம் போட்டார்.

"பதினேழு அறையை மூடியிருக்கேன்," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "இந்த வரப்புல என்னைவிட அதிகமா மூடினவன் யாராவது உண்டா?"

வரப்பின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த மண்ணாங்கட்டி ஒரு கண்ணைத் திறந்தான்.

"இவரைத் திருத்தவே முடியாதுக்கா."

"விடு தம்பி," என்றாள் மூக்காயி. "அறையை மூடிட்டு இருக்கிற வரைக்கும் பேசட்டும்."

தேவைக்கு மேல் பெருக்கிக்கொண்டே போகிறவர்கள் தங்களைத் தாங்கி நிற்கும் வரப்பையே தோண்டுகிறார்கள். அடுத்தவர் நிறுத்தட்டும் என்று காத்திருக்காமல் 'எனக்குப் போதும்' என்று ஒருவர் நிறுத்தினால்தான் வரப்பு பிழைக்கும்.